விலையும் வரலாறும்
(பழைய கைத்துப்பாக்கிகள் சில குறைத்து மதிக்கப்படுவது ஏன்?)

பழம்பொருளுக்கு இருவகை மதிப்பு உண்டு. ஒன்று வரலாறு தருவது; மற்றொன்று சந்தை தருவது. இரண்டும் கைகோத்துச் செல்லும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் பல துறைகளில் அவை முரண்பட்டே நிற்கின்றன. குஜிலிக் கடைகளில் சில்லறைக் காசுக்கு விற்ற சிந்துகளும் கும்மிகளும் ஒரு காலத்து மக்கள் மனத்தை அறிய உதவும் அரிய சான்றுகளாகும். மலிவாகக் கிடைத்தமையாலேயே அவற்றைப் பேணுவார் இலராயினர். அவற்றுள் பல அழிந்தொழிந்தன. எளிதில் கிடைப்பது எளிமையாகக் கருதப்படும் இந்நிலை நூல்களுக்கு மட்டும் உரியதன்று. இலக்கிய அன்பர்கள் எண்ணிப் பார்க்க வாய்ப்பில்லாத மற்றொரு களத்திலும் இது தெளிவாகப் புலப்படுகின்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிகழும் பழைய கைத்துப்பாக்கிச் சேகரிப்பே அக்களமாகும்.

புதுவகைத் துப்பாக்கியின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கைத்துப்பாக்கி என்றால் ரிவால்வர்தான். சுழலும் உருளையில் ஐந்தாறு தோட்டாக்கள் இருக்கும். சுடுபவரின் கைவலிமையே உருளையைச் சுழற்றும். 1880களில் புகையற்ற வெடிமருந்து வழக்கிற்கு வந்தபின் நிலைமை மாறியது. குண்டு வெளியேறும்போது எழும் பின்னுதைப்பைக் கொண்டே வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ள முடியும் என்பதைப் பொறியியலார் கண்டனர். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு மட்டும் வெளிப்படுவதால் இவ்வகை அரைத் தானியங்கி எனப்பட்டது.

ஹியூகோ போர்ச்சார்ட் வடிவமைத்த கைத்துப்பாக்கி 1893இல் தோன்றியது. 1896இல் மௌசர் நிறுவனத்தின் துப்பாக்கி வந்தது. போர்ச்சார்டின் அமைப்பைச் செம்மைப்படுத்தி ஜார்ஜ் லூகர் உருவாக்கிய துப்பாக்கியை 1900இல் சுவிட்சர்லாந்துப் படை ஏற்றது; 1904இல் ஜெர்மானியக் கடற்படையும், 1908இல் அந்நாட்டுத் தரைப்படையும் அதனைப் பின்பற்றின.

இதே காலத்தில் அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரவுனிங், பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் நகரில் இயங்கிய எஃப்.என். ஆயுதத் தொழிற்சாலையுடன் 1897இல் உடன்பாடு செய்துகொண்டார். அதன் விளைவாக 1899இல் உற்பத்தி தொடங்கி, 1900இல் பெல்ஜியப் படையால் ஏற்கப்பட்டதே 1900ஆம் ஆண்டு மாதிரி பிரவுனிங் ஆகும். 7.65 மில்லிமீட்டர்த் தோட்டாக்கள் ஏழினைக் கொள்ளும் சிறிய, தட்டையான துப்பாக்கி அது. குழலின் மீது முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு என்னும் உறுப்பைக் கொண்டு பெருமளவில் உற்பத்தியான முதற் கைத்துப்பாக்கியும் அதுவே. இன்று உலகெங்கும் வழங்கும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுள் மிகப் பெரும்பாலானவை இந்த ஸ்லைடு அமைப்பையே மேற்கொண்டுள்ளன. லூகரின் முழங்கால் போல் மடங்கும் பூட்டமைப்போ அத்துப்பாக்கியோடு ஏறத்தாழ முடிந்துபோயிற்று.

வழிமரபை ஈன்றது பிரவுனிங். வழிமரபின்றி முடிந்தது லூகர். ஆயினும் சேகரிப்பாளர் சந்தையில் லூகர் பெறும் விலையில் ஒரு பகுதியையே 1900ஆம் ஆண்டுப் பிரவுனிங் பெறுகின்றது. இம்முரண்பாட்டின் காரணங்களை ஆராய்வது பயன் தரும்.

அருமை மட்டுமா காரணம்?

அரிதாக இருப்பது விலை பெறும், மலிந்திருப்பது விலை இழக்கும் என்பதே பலரும் கூறும் விடை. இதில் உண்மை உண்டு. போர்ச்சார்டின் துப்பாக்கிகள் ஏறத்தாழ 3,000 மட்டுமே செய்யப்பட்டன. அவை பெருவிலை பெறுகின்றன. 1900ஆம் ஆண்டுப் பிரவுனிங்கோ ஏறத்தாழ 7 இலட்சம் செய்யப்பட்டது. ஆனால் லூகர் 20 இலட்சத்திற்கும் மேல் செய்யப்பட்டது என்பதை நோக்கும்போது இவ்விடை நிறைவளிக்கவில்லை. மிகுதியாகச் செய்யப்பட்ட பொருளே மிகுவிலை பெறுவதற்கு வேறு காரணங்கள் இருத்தல் வேண்டும்.

முதற்காரணம், வகைகளின் பெருக்கம். லூகரில் உற்பத்தி ஆண்டு, தொழிற்சாலை, படைப்பிரிவு ஆகியவற்றைக் காட்டும் முத்திரைகள் பல. ஒன்றை வாங்கியவர் அடுத்ததை நாடுவதற்கு அவை தூண்டுகின்றன. அவ்வேறுபாடுகளை விளக்கும் நூல்கள் பெருகின. நூல்கள் பெருகப் பெருக நாட்டமும் பெருகியது. பிரவுனிங்கில் இத்தகைய வேறுபாடுகள் குறைவு. ஒன்றை வாங்கினால் ஆவல் அடங்கிவிடுகின்றது.

இரண்டாவது, போர்க்கள நினைவு. இரு உலகப் போர்களிலும் வெற்றி பெற்ற வீரர்கள் ஜெர்மானிய அதிகாரியின் லூகரை வெற்றிச் சின்னமாக வீட்டிற்குக் கொண்டு சென்றனர். பிரவுனிங் பெரும்பாலும் காவலரின் இடுப்பிலும், வணிகரின் மேசை அறையிலும், பயணியின் சட்டைப் பையிலும் இருந்தது. பையில் இருந்ததைப் பற்றிப் பெருமைக் கதைகள் எழுவது அரிது.

மூன்றாவது, தோல்வியின் நிழல். அமெரிக்கப் படைக்கான இறுதித் தேர்வில் 1911 மார்ச்சில் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் துப்பாக்கியும், சாவேஜ் நிறுவனத்தின் துப்பாக்கியும் 6,000 முறை சுடப்பட்டன. கோல்ட் ஒருமுறையும் தடைபடவில்லை. சாவேஜ் 37 முறை தடைபட்டது. சாவேஜ் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்ற 1907ஆம் ஆண்டுச் சிறு துப்பாக்கி, பத்துத் தோட்டாக்களை இரட்டை வரிசையில் அடக்கிய புதுமையுடையது. முதல் உலகப் போரில் பிரான்சும் அதனை வாங்கியது. ஆயினும் தோற்றவனின் இளவல் என்ற பெயர் அதனை விட்டு நீங்கவில்லை.

நான்காவது, தோட்டா கிடைக்காமை. ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 1912ஆம் ஆண்டு ஸ்டேயர் துப்பாக்கி மிக உறுதியானது எனப் போற்றப்படுவது. ஆனால் அதன் 9 மில்லிமீட்டர் ஸ்டேயர்த் தோட்டா பிற நாடுகளில் பரவலாக நிலைபெறவில்லை. சுட்டுப் பார்க்க விரும்பும் சேகரிப்பாளர் தயங்குகின்றார். அத்தயக்கம் விலையில் எதிரொலிக்கின்றது.

ஐந்தாவது, இனத்தின் பழி. முதல் உலகப் போரின்போது பிரான்சுக்காக ஸ்பெயினின் ஐபார் வட்டாரப் பட்டறைகள் பல ரூபி என்னும் துப்பாக்கியை அவசரமாகச் செய்து குவித்தன. ஒரு பட்டறையின் உறுப்பு மற்றொன்றின் துப்பாக்கியில் பொருந்தவில்லை. அக்கெட்ட பெயர், 1921இல் ஸ்பானியப் படை ஏற்ற தரமான ஆஸ்ட்ரா 400 மீதும் படிந்தது. ஊர்ப்பழியை ஒருவன் தலையில் சுமத்துவது போன்றது இது.

இக்காரணங்கள் ஐந்தனுள் ஒன்றேனும் பொருளின் வரலாற்றுத் தகுதியைப் பற்றியதன்று என்பது நோக்கத்தக்கது.

பிரவுனிங் கண்ட வரலாறு

விலை குறைந்த 1900ஆம் ஆண்டுப் பிரவுனிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கெல்லாம் தோன்றுகின்றது என்பதைக் காணல் வேண்டும். 1904 ஜூன் 16 அன்று ஹெல்சிங்கி நகரில் பின்லாந்தின் ரஷ்யத் தலைமை ஆளுநர் பாப்ரிகோவை ஓய்கன் ஷாவ்மன் சுட்டது இத்துப்பாக்கியால். 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் தொடர்வண்டி நிலையத்தில் ஜப்பானிய அரசியலாளர் இட்டோ ஹிரோபுமியைக் கொரியரான ஆன் ஜுங் குன் சுட்டதும் இதனாலேயே. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனின் கையிலிருந்ததும் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் துப்பாக்கியே.

இக்கொலைகள் போற்றுதற்கோ தூற்றுதற்கோ இங்குக் குறிக்கப்படவில்லை. பேரரசுகள் பீரங்கிகளால் காக்கப்பட்ட காலத்தில், சட்டைப் பையில் அடங்கும் மலிவான ஒரு பொருள் உலக அரசியலில் எத்தகைய மாற்றத்தைக் கொணர்ந்தது என்பதே கருதத்தக்கது. மலிந்து கிடைத்தமையே அதன் வரலாற்று ஆற்றல். அந்த மலிவே பின்னாளில் அதன் மதிப்புக் குறைவுக்கும் காரணமாயிற்று.

பிறர் புகழ் கூட இதன் மேல் சிலகாலம் தவறாக ஏற்றப்பட்டது. 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் காவ்ரிலோ பிரின்சிப் சுட்டது 1900ஆம் ஆண்டு மாதிரியால் என நூல்கள் பல எழுதின. உண்மையில் அது அதே தொழிற்சாலையின் 1910ஆம் ஆண்டு மாதிரியாகும். இயேசு சபையினரிடம் இருந்த அத்துப்பாக்கி 2004இல் வியன்னாவின் படைவரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தது. பொருள் பேணப்பட்டமையால் நூல்களின் பிழை திருத்தம் பெற்றது.

இழப்பு யாது?

சேகரிப்பாளர் விலை குறைத்துக் கொடுத்தால் வரலாற்றுக்கு என்ன குறை என்று வினவலாம். குறை உண்டு. விலையற்றதைக் காப்பார் இல்லை. மலிவான துப்பாக்கியின் பழைய மேற்பூச்சைத் தேய்த்துப் புதுமெருகு ஏற்றிவிடுகின்றனர். உதிரி உறுப்புகளுக்காகப் பிரிக்கின்றனர். வரிசை எண் மாறுபட்ட உறுப்புகளை ஒன்றாக்குகின்றனர். ஆயுத ஒப்படைப்பின்போது முதலில் உலைக்களம் புகுவதும் இவையே. யார் வாங்கினார், எவ்வழி வந்தது என்னும் குறிப்புகள் அவற்றோடு மறைகின்றன. வரிசை எண்ணும் அதன் பதிவும் பிரிந்துவிட்டால், எஞ்சுவது வெறும் இரும்பே.

சந்தை விலையும் நிலையானதன்று. அமெரிக்கத் தேர்வுக்காக 1907இல் செய்யப்பட்ட மிக அரிய .45 அளவு லூகர் ஒன்று 1989இல் 10 இலட்சம் டாலருக்கு விலைபோனதாகப் பேசப்பட்டது. அதே துப்பாக்கி 2010இல் ஏலத்திற்கு வந்தபோது 5 இலட்சம் டாலரைக் கூட எட்டவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் துப்பாக்கியின் வரலாறு மாறவில்லை. வாங்குவோர் மனமே மாறியது.

நிறைவாக

சேகரிப்பாளர்கள் அருமையைத் தேடுகின்றனர். வரலாறோ பரவலைத் தேடுகின்றது. ஓர் ஊரில் ஒருவரிடம் மட்டும் இருந்த பொருள் அந்த ஒருவரைப் பற்றியே பேசும். ஓராயிரம் பேரிடம் இருந்த பொருள் அவ்வூரைப் பற்றிப் பேசும். சட்டைப் பைத் துப்பாக்கியாயினும் சந்தைச் சிந்தாயினும் இவ்வுண்மை பொதுவானதே. தான் வாழ்ந்த நாளில் எங்கும் நிறைந்திருந்ததே பின்னாளில் எளிதில் காணாமற்போகும். ஒவ்வொருவரும் மற்றவர் வைத்திருப்பார் என்று கருதிக் கைவிடுவதே இதற்குக் காரணம். எல்லாரிடமும் இருந்த ஒன்றை ஒருவரேனும் பேணி வைத்தால்தான், பிற்காலம் முற்காலத்தைக் கேட்டறிய வழி பிறக்கும்.