கூடும் மின்சாரமும்

மேனாட்டு இசைக்குழுக்களில் கிதாருக்கு நெடுங்காலம் கிடைத்த இடம் பின்வரிசையே. 1930-களில் அமெரிக்க ஜாஸ் குழுக்கள் பெருகின. எக்காளமும் சாக்ஸபோனும் முரசும் ஒருங்கே முழங்கும் மேடையில் ஆறு கம்பிகளின் ஒலி எவர் செவிக்கு எட்டும்? தாளத்தை நிரப்புவதே கிதார்க்காரரின் பணியாயிற்று. அங்கிருந்து அவரை முன்னுக்குக் கொணர்ந்தது உட்கூடுடைய மின்கிதார். (‘உள்ளீடற்ற கிதார்’ என்றும் சொல்லலாம்; ஆனால் தமிழில் அது வசையாகிவிடும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் இதில் சற்று எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.)

மிச்சிகன் மாநிலத்துக் காலமஸூ நகரில் ஆர்வில் கிப்ஸன் என்பவர் கிதாரின் மேற்பலகையைத் தட்டையாக விடாது, வயலினைப் போலக் குவிவாகச் செதுக்கலானார். அவர் பெயரால் 1902-இல் அங்கே ஒரு கம்பெனி தோன்றியது. அதில் பணியாற்றிய லாய்ட் லோர் 1922-இல் வகுத்த ‘எல்-5’ கிதாரில் நடுவட்டத் துளை மறைந்து, வயலினுக்குரிய நெளிந்த துளைகள் இருபுறமும் இடம் பெற்றன. மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம். முதுகும் விலாவும் மேப்பிள். கனத்த பலகையை, நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் வருமாறு செதுக்குவர். விரலால் தட்டி, எழும் நாதத்தைக் கேட்டே இன்னும் எங்கே சுரண்டலாம் என்று துணிவர். ஒரு சீவல் மிகுந்தால் வலிமை போகும். குறைந்தால் குரல் அடைபடும். பலாக் கட்டையைக் குடைந்து வீணைக்குக் குடம் செய்வோர் இக்கவலையை நன்கு அறிவர்.

1936-இல் அதே கம்பெனி ‘இ.எஸ். 150’ என்னும் மின்கிதாரை வெளியிட்டது. கம்பிகளின் கீழே காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் பொருத்தப்பட்டன. எஃகுக் கம்பி அதிர, சுருளில் மின்னோட்டம் பிறக்கும். ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்கும். கிதாரும் ஒலிபெருக்கியும் சேர்ந்த விலை சுமார் 150 டாலர்; பெயரிலுள்ள எண் அதுவே.

ஓக்லஹோமா நகரில் வளர்ந்த கறுப்பின இளைஞர் சார்லி கிறிஸ்டியன் 1939-இல் பென்னி குட்மன் குழுவில் இதனை ஏந்திச் சேர்ந்தார். சாக்ஸபோன் வாசிப்பவரைப் போல ஒற்றைச் சுரங்களால் நீண்ட வரிகளைத் தொடுத்தார். 1942-இல் காசநோய் அவரைக் கொண்டுசென்றது. வயது 25. மூன்றாண்டுகூட நிறையாத அவ்வாசிப்புக்குப் பின் கிதார் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

அதன் தொனியை எவ்வாறு விவரிப்பது? மீட்டிய கணத்தில் மரத்தின் குரல் முந்தி எழும். பின் உருண்டு, விரைவில் அடங்கும். கம்பியின் ஆற்றலை மேற்பலகை வாங்கிக் காற்றில் செலவிட்டுவிடுவதே காரணம். திண்கட்டைக் கிதாரில் சுரம் நீண்டு நிற்கும். சிலர் இதைக் குறையென்பர். எனக்கோ இச்சுருக்கமே அழகாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு சுரமும் தெளிவாக உச்சரித்த சொல்லாக நிற்கிறது.

ஆயினும் ஒரு தொல்லை உண்டு. ஒலிபெருக்கியின் ஓசை மேற்பலகையைத் தாக்க, பலகை கம்பியை அசைக்க, அவ்வசைவு மீண்டும் ஒலிபெருக்கியை அடைய, ஊளை கிளம்பும். அதிர்வதற்கென்றே செதுக்கிய பலகை அதிர்வதாலேயே பகையாயிற்று! 1949-இல் வந்த ‘இ.எஸ். 175’-க்கு ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்தனர். செலவும் குறைந்தது, ஊளையும் தணிந்தது. லெஸ் பால் என்ற கலைஞர் அதற்கு முன்பே பைன் கட்டை ஒன்றில் கம்பிகளைப் பூட்டி, கிதாராகத் தோன்றுவதற்காக இருபுறமும் கூட்டின் பாதிகளை ஒட்டிக்கொண்டார். 1958-இல் பிறந்த ‘இ.எஸ். 335’ அவ்விரண்டிற்கும் சமரசம்: நடுவே மேப்பிள் கட்டை, பக்கங்களில் மெல்லிய கூடு. பி. பி. கிங் அதன் வகைக் கிதார்களின் துளைகளிலும் துணியை அடைத்து வாசித்தார். 1980-இல் அவருக்கெனத் துளையே இல்லாத கிதார் செய்யப்பட்டது.

1984-இல் காலமஸூ தொழிற்சாலை மூடப்பட்டது. தொழில் டென்னஸி மாநிலத்து நாஷ்வில்லுக்குப் பெயர்ந்தது. பிழைப்பைத் தொடர்ந்து ஊர் பெயர்ந்த நமக்கு அத்தொழிலாளர் முன் நின்ற கேள்வி விளங்கும். போக மனமில்லாத சிலர் அங்கேயே தங்கினர். 1985-இல் ‘ஹெரிடேஜ்’ என்ற பெயரில், பார்ஸன்ஸ் தெருவிலிருந்த அதே பழைய கட்டிடத்தில் மீண்டும் கிதார் செய்யத் தொடங்கினர்.