காப்பீட்டுக் கிளையில் காசோலை எண்ணும் மென்பொருள் புதுப்பித்தலும்

காப்பீட்டு அலுவலகம் வழங்கும் ஒவ்வொரு காசோலையின் எண்ணும் அலுவலகக் கணினியிலும், கையிலிருக்கும் தாளிலும், வங்கி ஏட்டிலும் ஒன்றாகவே இருக்கச் செய்யும் ஏற்பாடு காசோலை எண் மேலாண்மை எனப்படும். அலுவலக மென்பொருளில் திருத்தங்களை ஏற்றும் வேலை இதனோடு பின்னிக் கிடக்கிறது. எண் தடம் புரளும் சமயங்களில் பல, புதுப்பிப்பு ஏறிய மறுநாள் காலையில்தான் வெளியே தெரியவரும். பாலிசிதாரருக்கு இந்த வேலை கண்ணில் படாது. செக் திரும்பி வரும்போது மட்டும் தெரியும்.

ஆரணியும் காப்பீடும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி, பட்டுத்தறியால் பிழைக்கும் ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் (எல்.ஐ.சி.) அமைப்பில் இப்பகுதி வேலூர் கோட்டத்தைச் சேர்ந்தது. நெசவாளர் குடும்பத்துக்கு மாதச் சம்பளமோ வருங்கால வைப்பு நிதியோ இல்லாததால், முதிர்வுத் தொகையும் இறப்பு உரிமத் தொகையும் அங்கே பெரிய பணம்.

தனிப் பாலிசிகள் தவிர, நெசவாளருக்கென்றே மகாத்மா காந்தி புங்கர் பீமா யோஜனா என்ற குழுக் காப்பீட்டையும் எல்.ஐ.சி. நடத்தியது. ஆண்டுப் பிரீமியம் ஒரு கட்டத்தில் 330 ரூபாயாக இருந்தது. ஒன்றிய அரசு 150, சமூகப் பாதுகாப்பு நிதி 100, நெசவாளர் 80 என்று அது பிரிந்தது. இயற்கை மரணத்துக்கு 60,000 ரூபாயும் விபத்து மரணத்துக்கு 1,50,000 ரூபாயும் கிடைத்தன. 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு, காலாண்டுக்கு 300 ரூபாய் வீதம் கல்வி உதவியும் இருந்தது. 2017இல் இத்திட்டம் பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா பீமா திட்டங்களோடு இணைக்கப்பட்டது. 300 ரூபாய்க்கு எழுதும் காசோலைக்கும் ஓர் எண் வேண்டும். தொகை சிறிதென்பதால் அந்த எண்ணைக் கவனக்குறைவாக எழுதிவிட முடியாது.

துளையட்டையிலிருந்து கணினிக்கு

1804இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கும் பொறியை அமைத்தார். ஆரணித் தறிகளின் மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி அதன் வழிவந்தது. அதே துளையட்டை முறையை ஹெர்மன் ஹொலரித் 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தினார். 1956 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய எல்.ஐ.சி., தன் முதல் ஆண்டுகளில் பிரீமியக் கணக்கைப் போட்ட இயந்திரங்களும் துளையட்டையில்தான் ஓடின. ஜக்கார்டில் கோத்த அட்டைகளில் ஒன்று இடம் மாறினால் அங்கிருந்து பூ முழுதும் கெடும் என்பது எந்த ஆரணி நெசவாளருக்கும் தெரியும். காசோலை எண்ணும் அப்படித்தான்: ஒன்று பிசகினால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனையும் பிசகும்.

1960களின் நடுவில் கணினி வந்தபோது ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. கல்கத்தாவின் இலாகோ ஹவுஸ் கட்டடத்துக்குள் கணினி நுழையாமலிருக்க ஊழியர்கள் காவல் இருந்தது இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் பேசப்படும் நிகழ்ச்சி. வேலை போய்விடும் என்ற அவர்களது அச்சம் நியாயமானதே. காசோலையைப் பொறுத்தவரை 1980களின் மறுசீரமைப்புதான் முக்கியமான திருப்பம். அதுவரை கோட்ட அலுவலகம் செய்துவந்த பாலிசிப் பணிகள் கிளைகளுக்கு மாறின. கிளைகளே கணக்கு வைக்கும் அலகுகள் ஆயின. செக் புத்தகமும் அதன் பொறுப்பும் சிறிய ஊர்களின் மேசைக்கு வந்தது இந்த மாற்றத்தால்தான். 1990களில் கிளைகளின் முன்மேசை வேலைகள் கணினிக்குப் போகத் தொடங்கின. பின்னர் 2,048 கிளைகளும் இவ்வாறு கணினிமயமாயின.

காசோலையின் அடிப்பட்டை

காசோலையின் கீழ்விளிம்பில் காந்த மையால் அச்சிட்ட எண் வரிசை இருக்கும். இடப்பக்கத்திலிருந்து முதல் 6 இலக்கம் காசோலை எண். அடுத்த 9 இலக்கம் நகரம், வங்கி, கிளை ஆகியவற்றுக்கு மும்மூன்றாகப் பிரியும். நகரத்துக்கான மூன்றும் பொதுவாக அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று எண்களை ஒட்டியிருக்கும். பிறகு கணக்கைக் காட்டும் 6 இலக்கம், கடைசியில் கணக்கு வகைக்கு 2 இலக்கம். சேமிப்புக் கணக்கானால் 10, நடப்புக் கணக்கானால் 11.

காசோலை எண்ணைத் தருவது வங்கி. தாள் அச்சாகி வரும்போதே எண் அதில் இருக்கிறது. அலுவலக மென்பொருள் அந்த எண்ணைப் பின்தொடர வேண்டுமே தவிர, தானாக எண் ஓட்டக் கூடாது. இங்கு எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை மென்பொருளைத் தலைவனாக்கியதால் வந்தவை.

எண் நழுவும் விதம்

எடுத்துக்காட்டாக, கணினி 004512 என்ற காசோலையை அச்சிட அனுப்புகிறது. பிரின்டர் தாளைக் கவ்விக் கசக்கிவிடுகிறது. ஊழியர் கசங்கிய தாளை ஓரமாக வைத்துவிட்டு, அதே உத்தரவை மறுபடி கொடுக்கிறார். அச்சாகி வருவது 004513 என்ற தாள். கணினியிலோ அது 004512 என்றே நிற்கிறது. அதற்கடுத்து அச்சாகும் ஒவ்வொன்றிலும் ஒரு எண் வித்தியாசம். மாலை வரை யாருக்கும் தெரியாது. தொகையும் பெயரும் சரியாகவே இருக்கும்.

விளைவு எங்கே வெடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு செக் தொலைந்துபோனதாகப் பாலிசிதாரர் எழுதிக் கொடுத்தால், கணினியில் உள்ள எண்ணைப் பார்த்து வங்கிக்கு நிறுத்தக் கடிதம் போகும். நின்றுபோவது வேறொருவரின் செக். மாதக் கடைசியில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடும்போது, ஒவ்வொரு எண்ணுக்கும் தொகை பொருந்தாமல் பக்கம் பக்கமாக நீளும்.

2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பாசிட்டிவ் பே முறை இந்தப் பிழையை இன்னும் கூர்மையாக்கியது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு, எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றை வழங்கியவர் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் வசதி இது. 5 லட்சமும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு இதைக் கட்டாயமாக்க வங்கிக்கு உரிமை உண்டு. கணினி அனுப்பிய பட்டியலில் 004512, வந்த செக்கில் 004513 என்றால் வங்கி அதைச் சந்தேகத்துக்குரியதாகவே பார்க்கும். இப்போது தாள் வங்கிக்கு வங்கி பயணிப்பதில்லை. காசோலையின் படத்தை மட்டும் அனுப்பும் பட வழித் தீர்வு முறை டெல்லியில் 2008 பிப்ரவரியிலும் சென்னையில் 2011 செப்டம்பரிலும் வந்த பிறகு, பணம் தரும் வங்கி பார்ப்பது படத்தையும் எண் வரிசையையும்தான். பேனாவால் எண்ணை அடித்துத் திருத்திக் கையெழுத்திடும் பழைய வழி அடைபட்டுவிட்டது.

ஆகவே கெட்ட தாளைக் கிழித்து எறியக் கூடாது. குறுக்கே கோடிட்டு "ரத்து" என்று எழுதி, எண் தெரியும்படி கோப்பில் வைக்க வேண்டும். கணினியிலும் அந்த எண்ணை ரத்து என்று பதிந்த பிறகே அடுத்த செக்கை அச்சிட வேண்டும். ரத்தான எண் மறுபடி பயனுக்கு வரக் கூடாது. நாளின் முதல் செக்கை அச்சிடும் முன் பெட்டியில் உள்ள மேல்தாளின் எண்ணை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்க்கும் வழக்கத்தை எந்த மென்பொருளும் இதுவரை வெல்லவில்லை.

புதுப்பிப்பு கெடுப்பது எதை

புதிய பதிப்பு ஏறியதும் வழக்கமாகக் கெடுபவை மூன்று. அடுத்த எண்ணைத் தரும் எண்ணோட்டி பழைய காப்பு நகலிலிருந்து திரும்பி, ஏற்கெனவே வழங்கிய எண்ணிலிருந்து தொடங்குவது ஒன்று. காசோலை எண்ணை எழுத்தாகக் கொள்ளாமல் இலக்கமாகக் கொண்டதால் முன்னால் உள்ள சுழிகள் உதிர்ந்து, 004512 வெறும் 4512 ஆவது இன்னொன்று. வங்கியின் பட்டியலில் அந்த எண் பொருந்தவே பொருந்தாது. மூன்றாவது, அச்சு ஒரு வரி இறங்கி, தேதிக் கட்டங்களுக்கு வெளியே தேதி விழுவது. இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. முதலில் வெற்றுத்தாளில் அச்சிட்டு, அதை ஒரு செக் தாளின்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும்.

புதுப்பிப்பை ஏற்றும் நேரம் அன்றைய கணக்கை முடித்து, காப்பு எடுத்த பிறகுதான். கடைசியாகப் போன செக் எண், மீதித் தாள்கள், ரத்தானவை ஆகிய மூன்றையும் பதிவேட்டில் கையால் எழுதி, ஏற்றிய பின் திரையோடு ஒப்பிட வேண்டும். புதுவணிகமும் கணக்கு முடிப்பும் நெருக்கும் மார்ச் மாதத்தில், தவிர்க்கக்கூடிய புதுப்பிப்பு எதையும் தொடாமலிருப்பதே நல்லது.

ஆனால் தள்ளிப்போட முடியாதவையும் உண்டு. 2017 ஜூலை 1 அன்று சேவை வரி போய் ஜி.எஸ்.டி. வந்தது. முதிர்வுத் திட்டங்களுக்கு முதலாண்டுப் பிரீமியத்தில் 4.5 சதவீதம், பிறகு 2.25 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு அந்த வரியே இல்லை. வரிவிலக்கு இல்லாத பாலிசித் தொகையின் வருமானப் பகுதியில் பிடிக்கும் வரி 2024 அக்டோபர் 1 முதல் 5 சதவீதத்திலிருந்து 2 ஆனது. இத்தகைய திருத்தம் ஒரு நாள் தாமதித்தாலும் செக்கில் அச்சாகும் தொகையே தவறு.

இயங்குதளப் புதுப்பிப்பின் கதை வேறு. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தந்த திருத்தத்தை ஏற்றாத கணினிகளை மே 12 அன்று வானாக்ரை என்ற பணயத் தீநிரல் தாக்கியது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் அதில் சிக்கின. மாறாக, 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரல் 24 அன்று வெளியிட்ட சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. பாதுகாப்புத் திருத்தத்தை விரைவில் ஏற்றுவதும், அனைத்துக் கணினிகளிலும் ஒரே மூச்சில் ஏற்றாமல் ஓரிரண்டில் முதலில் பார்ப்பதும் ஒரு கிளையால் முடிகிற காரியங்கள்.

பணமாகாத காசோலைகள்

இப்போது பெரும்பாலான தொகை நெஃப்ட் என்ற மின்னணுப் பணப் பரிமாற்றம் வழியாக நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. அங்கும் எண்தான் பிரச்சினை. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்ததுபோல் வங்கிகள் இணையும்போது, கிளையின் பழைய ஐ.எஃப்.எஸ். குறியீடு கொஞ்ச நாளில் செல்லாமற்போகும். பாலிசிப் பதிவில் அதை மாற்றாவிட்டால் பணம் போன வழியே திரும்பும்.

காசோலை செல்லும் காலம் 2012 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைந்தது. அதற்குள் வங்கியில் போடாத செக்கின் தொகையை அலுவலகம் மீண்டும் தன் கணக்கில் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும். புதிய செக் கொடுத்தால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே பாலிசியின் கீழ் ஒன்றுக்கொன்று சுட்டும்படி பதிய வேண்டும். இல்லாவிட்டால் இரட்டைப் பட்டுவாடா நடக்கும், அல்லது கொடுத்தாயிற்று என்ற தவறான பதிவால் குடும்பம் அலையும். 1,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கோரப்படாத தொகைகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் காட்ட வேண்டும். பாலிசி எண், பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைக் கொடுத்து யாரும் தேடலாம். பத்தாண்டு கடந்தும் யாரும் கேட்காத தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் 25 ஆண்டு வரை உரியவர் நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம்.