சூரன் போர் (வன்னி)

சூரன் போர் என்பது கந்தசஷ்டியின் ஆறாம் நாளில் முருகன் கோயில் வீதியில் நடத்தப்படும் போர்ச் சடங்கு. தமிழ்நாட்டார் சூரசம்ஹாரம் என்பதை ஈழத்தவர் பெரும்பாலும் இப்பெயராலேயே சொல்வர். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள், வளர்பிறைப் பிரதமையில் விரதம் தொடங்கும், சஷ்டியன்று போர், அடுத்த நாள் பாறணையும் திருக்கல்யாணமும். வன்னிப் பெருநிலப்பரப்பில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில், வவுனியாக் கந்தசுவாமி கோயில் ஆகியவற்றிலும் முல்லைத்தீவு மாவட்டத்து முருகன் கோயில்களிலும் இது நடைபெறுகிறது. தோற்கும் தறுவாயில் உருவை மாற்றி, தன்னை வீழ்த்தும் வழியையும் சேர்த்து மாற்றிவிடும் பகைவனே இதன் மையம். இன்று கைபேசியிலும் கணினியிலும் விளையாடும் பிள்ளைகள் ‘பாஸ்’ என்று அழைக்கும் இறுதிப் பகைவர்களில் ஒரு வகையினர் இவனைப் போலவே நடந்துகொள்கிறார்கள். அந்த ஒப்புமை மேலோட்டமானது அன்று. ஆனால் அது பொருந்தும் இடம் கோயில் வீதியைவிடப் புராண ஏடுதான்.

கதைக்கு மூலம் காஞ்சிபுரம் குமரகோட்டத்து அர்ச்சகரான கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணம். ஆறு காண்டங்கள், 10,345 பாடல்கள். தவமிருந்து சிவனிடம் பெற்ற வரத்தால் 1,008 அண்டங்களை 108 யுகம் ஆள்பவன் சூரபன்மன். சிவனுடைய சக்தியன்றி வேறெதுவும் அவனை வெல்ல முடியாது என்பதும் அவ்வரத்தின் பகுதி. ஆகவே அவனுடைய பலவீனம் தொடக்கத்திலேயே ஒன்றாகக் குறுக்கப்பட்டுவிட்டது. எது அது என்பது கேட்பவருக்குத் தெரியும், சூரனுக்கும் தெரியும். தெரிந்தும் அவன் ஏன் இத்தனை உருவம் எடுக்கிறான்? அவனுடைய தாய் மாயை. உருமாற்றம் அவனுக்குத் தாய்வழிச் சீதனம்.

யுத்த காண்டத்தின் இறுதிப் போர் நிதானமாகப் படிக்கத்தக்கது. தம்பியரும் புதல்வரும் மாண்டபின் சூரன் தாயின் சொற்படி அமுதசீத மந்தரம் என்ற மலையை இந்திரஞாலத் தேரில் வருவித்து, இறந்த படைகளை எழுப்புகிறான். எழுந்தவர்களும் மலையும் ஒருசேர அழிக்கப்படுகின்றன. பின்பு அவனே சக்கரவாகப் பறவையாகிப் பாய்கிறான். இந்திரன் மயிலாக, அதன்மேல் ஏறி முருகன் எதிர்கொள்கிறான். பறவை வீழ்ந்ததும் தொடங்குவதுதான் இக்கட்டுரைக்கு முக்கியமான பகுதி. சூரன் நிலமாகிறான், கடலாகிறான், தீயாகிறான், காற்றாகிறான். ஒவ்வொரு வடிவையும் அடக்கத்தக்க அம்பு ஒவ்வொன்றாகப் புறப்படுகிறது. நிலத்தை விழுங்க நீர், நீரை வற்றச் செய்ய நெருப்பு என்ற முறையில் பூதத்துக்குப் பூதம் பகை காட்டிப் போர் நகர்கிறது. வேல் இன்னும் கையில்தான் இருக்கிறது. அதை ஏவினால் கணத்தில் முடியும் போரைப் புலவர் வேண்டுமென்றே நீட்டுகிறார்.

அடுத்து முருகன் தன் பேருருவைக் காட்டுகிறான். சூரனுக்குச் சற்று நேரம் ஞானம் பிறக்கிறது; வணங்கவும் நினைக்கிறான். அது நிலைக்கவில்லை. இருளாக மாறி உலகை மூடுகிறான். அப்போதுதான் வேல் புறப்படுகிறது. இருள் கிழிந்ததும் கடல் நடுவே மாமரமாகி நிற்கிறான்; வேல் மரத்தைப் பிளக்கிறது. சொந்த உருவில் வாளேந்தி வருகிறான். வேல் மார்பைப் பிளக்க, ஒரு கூறு சேவலும் மறு கூறு மயிலுமாகி இறைவனின் கொடியும் ஊர்தியும் ஆகின்றன.

இத்தனை வடிவங்களில் கோயில் வீதிக்கு வந்து சேர்வன சில மட்டுமே. மரத்தாலான பெரிய சூரன் உருவம், கைகளில் வாளும் கேடயமும். அதைத் தண்டுகளில் ஏற்றி ஊர்ப் பெடியள் தோளில் சுமந்து முன்னும் பின்னும் ஓடி ஆட்டுவார்கள். எதிரே முருகனின் வாகனம். மேளம் உச்சத்துக்குப் போகும்போது அர்ச்சகர் வேலைக் கொண்டுபோய் உருவத்தில் தொடுவார்; அந்தத் தலையைக் கழற்றி அடுத்த தலையைப் பொருத்துவார்கள். யானை முகத்துத் தாரகன், சிங்கமுகன், பின்பு சூரன். நூலின்படி இவர்கள் வெவ்வேறு களங்களில் மடியும் மூன்று சகோதரர். தாரகன் வதை யுத்த காண்டத்துக்கு வெகு முன்னரே, உற்பத்தி காண்டத்திலேயே முடிந்துவிடுகிறது. வீதியில் மூவரும் ஒரே உடம்பின் மூன்று தலைகளாகிவிடுகிறார்கள். நூலறியாத பிள்ளைக்கு அது ஒரே அசுரன் தலைமாற்றிக்கொள்வதாகத்தான் தெரியும். தவறான வாசிப்புதான், ஆனால் நாடகத்துக்கு இதைவிட நல்ல வாசிப்பு இல்லை. கடைசியில் மாங்கொப்பு கட்டி மாமரம் காட்டுவர். அதன்பின் சேவலும் மயிலும். சில கோயில்களில் உயிருள்ள சேவலைப் பறக்கவிடுவதும் உண்டு.

நிலம், கடல், தீ, காற்று, இருள் ஆகியவற்றை மரத்தில் செதுக்கித் தோளில் தூக்க முடியாது. அவை செவிக்கு உரியவை. ஈழத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு என்ற வழக்கம் உண்டு: ஒருவர் பாடலைப் பண்ணோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். சூரபன்மன் வதைப் படலத்தைக் கந்தசஷ்டி நாட்களில் இவ்வாறு கேட்ட முதியவர்களே பூத வடிவங்களை அறிந்தவர்கள். யாழ்ப்பாணத்தாரின் வாழ்வில் இந்நூல் ஊறியிருந்ததைக் கண்டு பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) அதைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்றே பெயரிட்டு எழுதினார்.

வன்னியில் இந்த மரபின் ஒரு பகுதி குடியேற்றத்தோடு வந்தது. பழைய வன்னிக் கிராமங்களின் பெருவிழாக்கள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல், புதூர் நாகதம்பிரான் பொங்கல், ஐயனார் மடை போன்றவை. இரணைமடுக் குளத்தை நம்பி 1936 இல் உருவான கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர். கந்தசஷ்டி விரதத்தையும் புராணப் படிப்பையும் தம்முடன் கொண்டுவந்தவர்கள் அவர்கள். வடகீழ்ப் பருவமழை இறங்கும் மாதம் என்பதால் இங்கே சூரன் பல ஆண்டுகளில் சேற்றில்தான் ஓடுகிறான். காலபோக விதைப்பு முடிந்த வயற்காரருக்கு அந்த மழை குறையாகப் படுவதில்லை.

போர்க்காலம் இவ்விழாவின் நாட்களையே குறிவைத்தது போல அமைந்தது. யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறிய 1995 ஒக்டோபர் 30, கந்தசஷ்டியை ஒட்டிய நாள். அவர்களில் பலர் பின்னர் வன்னிக்கு வந்தார்கள். 2008 ஐப்பசியில் கிளிநொச்சி நகரமே பெரும்பாலும் வெறுமையாகிவிட்டது. மக்கள் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். 2009 மே மாதத்துக்குப் பின் அவர்கள் அடைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. மீள்குடியேற்றத்தோடு கோயில்களில் சூரன் போரும் திரும்பியது.

பொருளாதாரத் தடை நிலவிய போர்க்கால வன்னியில் மின்கலம்கூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. மின்சார வலையமைப்பும் இருக்கவில்லை. யப்பானிய விளையாட்டுக் கருவிகள் உலகெங்கும் பரவிய 1990களில் அவை இங்கு வர வாய்ப்பே இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் உருமாறும் பாஸ் அவ்விளையாட்டுகளில் ஒரு மரபாக வேரூன்றியது. ஸ்குவெயர் நிறுவனம் 1990 இல் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபாண்டஸி 3’ விளையாட்டில் ஹைன் என்ற மந்திரவாதி, தன்னைச் சுற்றியுள்ள காப்பை அடிக்கடி மாற்றிக்கொள்வான். இப்போது தீக்கு அஞ்சுபவன் அடுத்த முறை பனிக்கு அஞ்சுவான். அந்த நேரத்துப் பலவீனத்தைக் கண்டறிய ‘அறிஞர்’ என்ற தொழிலுடைய பாத்திரம் உதவும். 1995 இல் வந்த ‘குரோனோ டிரிகர்’ விளையாட்டின் மேகஸும் இதே தந்திரக்காரன். ‘போக்கிமான்’ விளையாட்டில் கெக்லியான் என்ற பச்சோந்திப் பிராணி தன்மீது பட்ட தாக்குதலின் வகையாகவே தானும் மாறிவிடும்.

விளையாட்டு வடிவமைப்பாளருக்கு இதில் ஒரு தொழில் நோக்கம் இருக்கிறது: ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஏவி வெல்பவனைத் தடுப்பது. வெற்றி கவனிப்பவனுக்கு, அவசரக்காரனுக்கு இல்லை. கந்தபுராணத்தில் கண்டுபிடிக்க வேண்டிய இரகசியம் ஒன்றுமில்லை. பூதத்துக்குப் பூதம் அம்பு ஏவும் கட்டம் விளையாட்டின் விதியையே ஒத்திருந்தாலும், அந்த விதிக்குக் கட்டுப்படாத வேல் இறுதியில் வந்து அதை ஒன்றுமில்லாததாக்கிவிடுகிறது. எந்த வடிவத்துக்கும் அதுவே மருந்து. நல்ல விளையாட்டு வடிவமைப்பாளர் எவரும் இப்படி ஓர் ஆயுதத்தைக் கொடுக்கமாட்டார், சலித்துப்போகும். பக்திக் காப்பியத்துக்கோ அதுதான் உயிர்.

சைவ விளக்கமும் இங்கிருந்தே பிறக்கிறது. தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரன் ஆணவம் என்று மும்மலங்களாகக் கொள்வது வழக்கம். இருள் வடிவம் கடைசிக் கட்டங்களில் வருவது அதனோடு பொருந்துகிறது. ஆணவத்தைச் சித்தாந்திகள் இருள் என்றே உருவகிப்பர். ஆணவம் அழியாது, அதன் வலிமை மட்டுமே அடங்கும் என்பதும் அவர்களின் கொள்கை. அதனால்தான் சூரன் சாகாமல் மயிலும் சேவலுமாகிறான். விளையாட்டுகளில் இதற்கு இணை அரிது. தோற்ற பாஸ் பொதுவாக மறைந்துபோவான். மேகஸ் ஒரு விதிவிலக்கு: ஆட்டக்காரர் விரும்பினால் பின்னர் அவனைத் தம் அணியில் சேர்த்துக்கொள்ளலாம்.

உருமாறும் அசுரன் முருகன் கதைக்கு மட்டும் உரியவன் அல்லன். தேவி மாகாத்மியத்தில் மகிடாசுரன் எருமை, சிங்கம், மனிதன், யானை என மாறுகிறான். ஈழத்துக் கோயில்களில் விசயதசமியன்று நடக்கும் மானம்பூவில் அவனுக்குப் பதிலாக ஒரு வாழை வெட்டப்படுகிறது. மாறும் உருவங்கள் எதுவும் அங்கே காட்டப்படுவதில்லை. அந்த வகையில் சூரன் போர் எவ்வளவோ தாராளமானது.

போரைக் காண விரும்புபவர் சஷ்டியன்று மாலை எந்தக் கந்தசுவாமி கோயில் வீதிக்கும் போகலாம். சூரன் கடலாகவும் தீயாகவும் மாறுவதை அறிய விரும்புபவர் யுத்த காண்டத்துச் சூரபன்மன் வதைப் படலத்தைப் பயன் சொல்பவர் ஒருவரோடு உட்கார்ந்து கேட்கவேண்டும்.