நம்மூர்ச் செய்தியை நாள்தோறும் சொல்வார் யார்?



அண்மையில் என் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு சிறு பணி கொடுத்தேன். "நேற்று நம் ஊரில் நடந்த ஏதேனும் ஒன்றை மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள்" என்றேன். சென்னைத் திரைப்படச் செய்தி வந்தது. கோலாலம்பூர்ச் செய்தி வந்தது. ஐரோப்பியக் காற்பந்துச் செய்தியும் வந்தது. புக்கிட் செலம்பாவ் மட்டும் வரவேயில்லை. பிள்ளைகளைக் குறை கூறுவதில் பயனில்லை. நம்மூர்ச் செய்தியை அவர்களுக்கு நாள்தோறும் சொல்வோர் இல்லை என்பதே உண்மை.

ஒரு காலத்தில் சொல்வோர் இருந்தனர். 1924-இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தொடங்கப்பட்டது. அன்று தோட்டத்து மக்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர் சிலரே. ஆகவே, மாலை வேளையில் லயத்து வாசலில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பர். வாசிப்பு முடிந்ததும் பேச்சு தொடங்கும். பக்கத்துத் தோட்டத்தில் கூலி எவ்வளவு, எந்தக் கிராணி மாற்றலாகிறார், யார் வீட்டில் துக்கம் என்பன போன்ற, அச்சில் ஏறாத செய்திகள் அந்தப் பேச்சில்தான் வெளிவரும். காலைப் பெரட்டில் மேலிருந்து கட்டளை மட்டுமே வரும். மாலை வாசலில்தான் தொழிலாளி கேட்கவும் சொல்லவும் முடிந்தது.

அந்தப் பேச்சுக்கு ஆற்றலும் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், நமக்கு அண்மையிலுள்ள பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் 'தொண்டர் படை' உருவாயிற்று. தொழிலாளரின் குடும்பங்களைச் சீரழித்த கள்ளுக்கடைகளை எதிர்த்து அது இயங்கியது. விரைவிலேயே கெடாவின் வேறு தோட்டங்களுக்கும் அது பரவியது. 1947-இல் காவல்துறையினருடன் மோதல் மூண்டு, உயிரிழப்பும் நேர்ந்தது. கைப்பேசியோ சொந்த வானொலியோ இல்லாத அம்மக்களிடையே ஓர் இயக்கம் அத்தனை விரைவாகப் பரவியதற்கு, வாய்வழிச் செய்தியும் ஒரு காரணமாய் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பின்னர் வானொலி வந்தது. 1946-இல் 'ரேடியோ மலாயா' தொடங்கப்பெற்றது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், அரசாங்கம் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்து, தமிழிலும் ஒலிபரப்பியது. கம்யூனிஸ்டுகளின் பரப்புரையை முறியடிப்பதே அதன் முதன்மை நோக்கம். ஆயினும், எழுத்தறியாதவருக்கும் உலகச் செய்தி எட்டியது. தமிழ்ப் பாட்டும் நாடகமும் லயத்துக்குள் வந்தன. அதன் வழிவந்த அரசாங்கத் தமிழ் வானொலி இன்று 'மின்னல் எஃப்எம்' என்னும் பெயரில் ஒலிக்கின்றது. அது நம் மொழிக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால், நாடு முழுவதற்கும் பேசும் நிலையத்தால் ஒவ்வொரு சிற்றூரின் அன்றாடத்தையும் சொல்லவியலாது. நாம் உலகத்தைக் கேட்கத் தொடங்கினோம். நம் பக்கத்து லயத்தைக் கேட்பது சிறிது சிறிதாகக் குறைந்தது. தோட்டங்கள் கைமாறின, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர், மாலைப் பேச்சும் கலைந்தது. 2019-இல் 'தமிழ் நேசன்' நாளேடும் நின்றுபோயிற்று.

இந்த இடத்தில்தான் வலையொலி நமக்குக் கைகொடுக்கக்கூடும் என்று எண்ணுகிறேன். 'போட்காஸ்ட்' என்ற சொல் 2004-இல் ஓர் ஆங்கில நாளேட்டுக் கட்டுரையில் முதன்முதலாகத் தோன்றியது. ஐபாட் கருவியின் பெயரும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து பிறந்த சொல் அது. வானொலிக்கு உரிமமும் கோபுரமும் வேண்டும். வலையொலிக்கு ஒரு கைப்பேசி போதும். ஒரு நாளைக்கு ஐந்து மணித்துளிகள்: இரண்டு மூன்று உள்ளூர்ச் செய்திகள், பின்னர் ஒருவரோடு சிறு உரையாடல். லயத்து வாசலில் நடந்ததும் இதுதானே!

இதை நான் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன். என் இளமையில் எங்கள் தோட்டத்தில் நாளேடு வாசித்த பெரியவர் ஒருவர் இருந்தார். இறுதிநாள்களில் அவரைக் காணச் சென்றேன். மூடப்பட்ட கடைகள், இடம்மாறிய கோயில், பெயரே மறைந்துபோன பிரிவுகள் என ஒரு மணி நேரம் பேசினார். பதிவு செய்யும் கருவி என் சட்டைப்பையிலேயே இருந்தது. "அடுத்த முறை பதியலாம்" என்று எண்ணி வந்துவிட்டேன். அடுத்த முறை நான் சென்றது அவருடைய இறுதிச் சடங்குக்கு.

ஆகவே, ஒரு வேண்டுகோள். வகுப்புக்கு ஒரு மாணவர், வாரத்திற்கு ஒரு பெரியவர் என்று தொடங்குவோம். கேள்வியைப் பிள்ளை எழுதட்டும். விடையைத் தாத்தாவோ பாட்டியோ சொல்லட்டும். கேட்டதை இருவரிடம் உறுதிப்படுத்தாமல் செய்தியாக்கக் கூடாது என்பதையும் அப்போதே கற்பிப்போம். குழந்தையின் குரலை வெளியிடப் பெற்றோரின் ஒப்புதலையும், பெரியவரின் பேச்சை வெளியிட அவருடைய ஒப்புதலையும் பெறுவோம். வெளியிடாவிட்டாலும் பாதகமில்லை, வகுப்பிலேனும் ஒலிக்கட்டும்.

அடுத்த முறை நான் அதே பணியைக் கொடுக்கும்போது, ஒரு பிள்ளையாவது எழுந்து "புக்கிட் செலம்பாவில் நேற்று..." என்று தொடங்க வேண்டும். அதற்கு, இன்றிரவு உணவு வேளையில் நம்மூரைப் பற்றி ஒரு செய்தியை உங்கள் பிள்ளையிடம் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்