பழைய கால்குலேட்டர்களில் சிலவற்றுக்கு மட்டும் ஏன் இத்தனை மவுசு?

கைப்பேசியிலேயே எந்தக் கணக்கையும் போட்டுவிட முடிகிற இக்காலத்திலும், 40 ஆண்டுகளுக்கு முந்தைய கால்குலேட்டர்களைத் தேடி வாங்கும் ஆர்வலர்கள் பல நாடுகளில் உள்ளனர். எனினும், பழையது என்ற காரணத்துக்காக மட்டுமே அவர்கள் எதையும் வாங்குவதில்லை. அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்ட் (ஹெச்பி) நிறுவனத்தின் கருவிகளுக்கே முதலிடம். அவற்றுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு.

1972-இல் 395 டாலர் விலையில் வெளிவந்த ஹெச்பி-35, சட்டைப்பையில் அடங்கிய முதல் அறிவியல் கால்குலேட்டராகும். பொறியாளர்களின் மேசையிலிருந்து 'ஸ்லைடு ரூல்' எனப்படும் கணக்கிடும் அளவுகோல் மறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். தொடக்ககாலக் கருவிகளில் ஒரு பிழை இருந்தது. 2.02 என்ற எண்ணின் இயல் மடக்கையைக் கண்டு, அதிலிருந்து மீண்டும் எண்ணுக்குத் திரும்பினால், விடையாக 2 மட்டுமே வரும். பிழையுள்ளவற்றை மாற்றித் தர நிறுவனம் முன்வந்தது. அப்படி மாற்றப்படாமல் தப்பியவற்றைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று விரும்பித் தேடுகின்றனர்.

நாள்தோறும் பயன்படுத்த விரும்புவோரின் தேர்வு வேறு. 1982 முதல் 1989 வரை தயாரிக்கப்பட்ட ஹெச்பி-15சி, கலப்பெண்கள், அணிகள், தொகையிடல் ஆகிய அனைத்தையும் கையாளும். ஹெச்பி-35 போன்ற சிவப்பு எல்.இ.டி. திரைக் கருவிகள் மின்சாரத்தை விழுங்கக்கூடியவை. எல்.சி.டி. திரை கொண்ட 15சி-க்கோ மூன்று பொத்தான் பேட்டரிகள் ஆண்டுக்கணக்கில் போதும். உற்பத்தி நின்ற பின்னரும் இதற்கான தேவை குறையாததால், 2011-இலும் 2023-இலும் இது மறுவெளியீடு கண்டது. 1981-இல் அறிமுகமான நிதிக் கணக்கீட்டுக் கருவியான 12சி, தொடர்ந்து விற்பனையில் இருந்து வருவதால் அரிய பொருளாகக் கருதப்படுவதில்லை.

விசைகளும் முக்கியமானவை. ஹெச்பியின் அக்கால விசைகளில் எழுத்துகள் அச்சிடப்படவில்லை. இரு நிற பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்து உருவாக்கப்பட்டன. அதனால் எவ்வளவு தேய்ந்தாலும் எழுத்து அழியாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் 1977-இல் வெளியிட்ட டிஐ-59, போட்டியாளரான ஹெச்பி-67-ஐ விட விலை குறைந்தது, நினைவகமும் அதிகம். ஆயினும், ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாகும் அதன் விசைகளால் ஆர்வலர்களிடம் பின்தங்கிவிட்டது.

இந்த ஹெச்பி கருவிகளில் '=' விசை கிடையாது. போலந்து தர்க்கவியலாளர் யான் லுகாசியேவிச்சின் குறியீட்டைத் தலைகீழாக்கிய முறை அவற்றில் பின்பற்றப்படுகிறது. (3+4)×(5+6) என்ற கணக்குக்கு 3, என்டர், 4, +, 5, என்டர், 6, +, × என அழுத்த வேண்டும். அடைப்புக்குறி தேவையில்லை, இடையில் வரும் 7, 11 ஆகிய விடைகளையும் திரையில் சரிபார்த்துக்கொள்ளலாம். புதியவர்களுக்கு இது குழப்பம் தரலாம். பழகியவர்கள் வேறு முறைக்கு மாற விரும்புவதில்லை.

வாங்குவோர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது பேட்டரி அறையை. பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகள் கசிந்து உலோக இணைப்புகளை அரித்திருக்கக்கூடும். குறிப்பாக, 1975-இல் வெளிவந்த ஹெச்பி-25 வகைக் கருவிகளை, நல்ல பேட்டரி இல்லாமல் சார்ஜருடன் இணைத்தால் உள்ளிருக்கும் சில்லுகள் பழுதாகிவிடும். அவற்றுக்கு அசல் சில்லு வேண்டுமானால் இன்னொரு பழைய கருவியைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.