தேர்ச்சிக்கேற்ற மானியம்

கற்றலை அளந்து, அதற்கேற்பப் பள்ளிகளுக்கு நிதி வழங்கும் முறை இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டின் திருத்திய கல்வி விதித்தொகுப்பால் நடைமுறைக்கு வந்தது. இதனை வகுத்தவர் இராபர்ட் லோ. சராசரி வருகையின்படி மாணவர் ஒருவருக்கு 4 ஷில்லிங் வழங்கப்பட்டது. ஆறு வயதைக் கடந்து, 200 முறைக்கு மேல் வருகை தந்தவருக்கு மேலும் 8 ஷில்லிங் உண்டு. ஆயின் ஆய்வாளர் நடத்தும் தேர்வில் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றனுள் எதில் தவறினும் அதற்குரிய 2 ஷில்லிங் 8 பென்னி கழிக்கப்பட்டது. குழந்தையின் தோல்வி ஆசிரியரின் வருவாயையும் தாக்கியது.

விளைவு வியப்பிற்குரியதன்று. வாசிப்பு நூல்கள் மனப்பாடமாயின. மானியம் ஈட்டாத வரலாறும் புவியியலும் ஒதுக்கப்பட்டன. உண்மையில் வாசிக்க அறியாத குழந்தையையும் தக்க பயிற்சியால் தேறச் செய்யலாம் என்பதை, பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மாத்யூ அர்னால்டு தம் 1867ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டினார். அங்ஙனமாயின் அளக்கப்பட்டது கற்றலன்று, தேர்வுக்கான ஆயத்தமே எனலாம்.

சென்னை மாகாணத்திலும் இம்முறை பரவியது. திண்ணைப் பள்ளிகளும் இம்மானியத்தை நாடின. அர்னால்டின் எச்சரிக்கைக்குப் பின்னரும், 1882இல் அமைந்த ஹண்டர் ஆணைக்குழு தொடக்கக் கல்வி மானியத்தைப் பெரிதும் தேர்வு முடிவுகளைக் கொண்டே வரையறுக்குமாறு பரிந்துரைத்தது நோக்கத்தக்கது. இங்கிலாந்து 1890களில் இதனைக் கைவிட்டது. இந்தியாவிலோ கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுத் தீர்மானத்திற்குப் பின்னரே இது வழக்கொழிந்தது.