மரவளையமும் கண்ணொளியும்

பள்ளியில் நாம் போடும் கணக்கிற்கு விடை, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். புரட்டிப் பார்த்தால் சரியா, தவறா என்பது உடனே தெரிந்துவிடும். விஞ்ஞானிகள் போடும் கணக்குகளுக்கு அந்த வசதி இல்லை. சிலவற்றின் விடை வெளிப்படப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. சிலவற்றிற்கு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. வேறு சிலவற்றின் விடையோ நாம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டு, படிப்பார் இன்றிக் கிடக்கின்றது. இதை விளக்க இரண்டு ஆராய்ச்சிகளின் வரலாற்றைச் சொல்லப் போகின்றேன். ஒன்று, மரத்தின் வளையங்களைக் கொண்டு பண்டைக் காலத்து மழையையும் வறட்சியையும் அறியும் ஆராய்ச்சி. மற்றொன்று, மூக்குக்கண்ணாடியின் துணையின்றிப் பார்வையைத் திருத்த முயன்ற கண் அறுவை மருத்துவம். மரத்திற்கும் கண்ணிற்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். முதலில் வரலாற்றைக் கேளுங்கள். உறவு தானே புலப்படும்.

வெட்டிய மரத்தின் அடியில் வட்டத்திற்குள் வட்டமாகக் கோடுகள் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளிர் நாடுகளில் மரம் வசந்த காலத்தில் விரைந்து வளரும். அப்போது உண்டாகும் பகுதி வெளிறியிருக்கும். கோடையின் இறுதியில் வளர்ச்சி தளரும். அப்போது உண்டாகும் பகுதி கருத்து அடர்ந்திருக்கும். இவ்விரண்டும் சேர்ந்தது ஓராண்டின் வளையம். வறண்ட நிலத்தில் நிற்கும் மரத்திற்கு மழை பெய்த ஆண்டில் வளையம் அகன்றிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் நூலிழைபோல் மெலிந்திருக்கும். இதனை 500 ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சி குறித்துவைத்தார். எனினும், அக்குறிப்பை ஒரு விஞ்ஞானமாக வளர்த்தவர், மரநூல் வல்லுநர் அல்லர். ஒரு வானநூல் அறிஞர்.

அவர் பெயர் ஆண்ட்ரூ எல்லிக்காட் டக்ளஸ். 1867-இல் அமெரிக்காவில் பிறந்தவர். பெர்சிவல் லோவல் என்னும் செல்வர் செவ்வாய்க் கிரகத்தை ஆராய ஒரு வானாய்வுக்கூடம் நிறுவ விரும்பினார். அதற்கேற்ற இடம் தேடி 1894-இல் அரிசோனாவுக்குச் சென்றவர் டக்ளஸ். செவ்வாயில் அறிவுடைய உயிர்கள் கால்வாய் வெட்டியிருக்கின்றன என்பது லோவலின் உறுதியான நம்பிக்கை. சான்றைத் தேடி முடிவுக்கு வர வேண்டுமேயன்றி, முடிவை வைத்துக்கொண்டு சான்றைத் தேடலாகாது என்பது டக்ளஸின் எண்ணம். இக்கருத்து வேற்றுமையால் 1901-இல் அவர் வேலையை இழந்தார். பின்னர் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை மிகுந்தும் குறைந்தும் வருகின்றன. இம்மாறுதல் பூமியின் மழையைப் பாதிக்குமானால், அச்சுவடு மரத்தில் இருக்க வேண்டும் என்று டக்ளஸ் கருதினார். பைன் மரங்களின் வளையங்களை அளக்கத் தொடங்கியபோது, அவருக்கு வேறொரு செல்வம் கிட்டியது. ஒரே வட்டாரத்து மரங்களில் அகன்ற வளையங்களும் மெலிந்த வளையங்களும் ஒரே வரிசையில் அமைந்திருந்தன. இன்று நிற்கும் மரத்தின் உள் வளையங்களை, என்றோ வெட்டப்பட்ட உத்தரத்தின் வெளி வளையங்களோடு பொருத்தலாம். அவ்வுத்தரத்தின் உள் வளையங்களை அதனினும் பழைய உத்தரத்தோடு பொருத்தலாம். இவ்வாறு சங்கிலிக் கண்ணிகளைப் போலக் கோத்துக்கொண்டு பின்னோக்கிச் செல்ல வழி பிறந்தது.

அப்பகுதியில் பியூப்லோ மக்களின் முன்னோர் கட்டிய பெரிய கல் வீடுகள் பாழடைந்து நின்றன. அவை எப்போது கட்டப்பட்டவை என்பதை அறிஞர் எவரும் திட்டமாகச் சொல்ல இயலவில்லை. டக்ளஸிடம் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று தம் காலத்திலிருந்து பின்னோக்கி 13-ஆம் நூற்றாண்டு வரை சென்றது. மற்றொன்று பாழ் வீடுகளின் உத்தரங்களிலிருந்து கிடைத்த 585 ஆண்டு வரிசை. ஆனால் அது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரியவில்லை. இரண்டிற்கும் நடுவே ஓர் இடைவெளி. 1929-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், ஷோ லோ என்னும் சிற்றூரில் தீயில் கரிந்த ஒரு மரத்துண்டு மண்ணிலிருந்து வெளிப்பட்டது. கரியானதால் அது மட்கவில்லை. அதன் உள்வளையம் 1237-ஆம் ஆண்டிற்குரியது. இரண்டு வரிசைகளையும் அது இணைத்துவிட்டது. கி.பி. 700 வரை ஆண்டுவாரியான ஏடு ஒன்று மனித குலத்திற்குக் கிடைத்தது. 1276 முதல் 1299 வரை அங்கு நீடித்த கொடிய வறட்சியும் அவ்வேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. மெசா வெர்டே மலைக்குடைவுகளில் வாழ்ந்த மக்கள் தம் இல்லங்களை விட்டு நீங்கிய காலமும் ஏறத்தாழ அதுவே.

இது பழங்கதைதானே என்று எண்ணிவிடாதீர்கள். அதே வறண்ட நிலத்தின் வழியே கொலராடோ ஆறு ஓடுகின்றது. 1922-இல் ஏழு மாநிலங்கள் கூடி அந்த ஆற்று நீரைப் பங்கிட ஒப்பந்தம் செய்துகொண்டன. மேற்படுகைக்கு ஆண்டுக்கு 75 இலட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகைக்கு அதே அளவு. ஓர் ஏக்கர் நிலத்தை ஓர் அடி ஆழத்திற்கு நிரப்பும் நீரே ஓர் ஏக்கர் அடி என்பதாம். 1944-இல் மெக்சிகோ நாட்டிற்கு மேலும் 15 இலட்சம் ஏக்கர் அடி ஒதுக்கப்பட்டது. ஆக மொத்தம் 165 இலட்சம். 1922-இல் பங்கிட்டவர்கள் கையில் இருந்த ஆற்று அளவுகள் முப்பது ஆண்டுகளுக்கும் குறைவானவை. 1976-இல் ஸ்டாக்டன், ஜேக்கபி என்னும் இரு ஆராய்ச்சியாளர் மரவளையங்களைக் கொண்டு பல நூற்றாண்டுகளின் நீரோட்டத்தைக் கணித்தார்கள். சராசரி ஏறத்தாழ 135 இலட்சம் ஏக்கர் அடிதான் என்று தெரிந்தது. ஒப்பந்தத்திற்கு அடிப்படையான ஆண்டுகளோ, நெடுங்காலத்திற்குப் பிறகு வந்த மிகு மழைக்கால ஆண்டுகள். இல்லாத நீரைப் பங்கிட்டுவிட்டு, அதனை நம்பி நகரங்களையும் வயல்களையும் எழுப்பிவிட்டார்கள். 2000-க்குப் பின் நீண்ட வறட்சி வந்தது. அந்த ஆற்றின் பெருநீர்த்தேக்கமான மீட் ஏரி, 1930-களில் முதன்முறை நிரம்பியதற்குப் பின் காணாத தாழ்நிலையை 2022-இல் அடைந்தது.

மழை பெய்த ஆண்டுகளை மட்டும் பார்த்து ஆற்றை எடை போட்டது முதல் வரலாறு. நான் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில், ஒரு தேர்வின் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாணவனின் வாழ்நாள் முழுவதையும் கணித்துவிடும் பெற்றோரைக் கண்டிருக்கின்றேன். பிழை ஒன்றே, இடந்தான் வேறு. இனி இரண்டாவது வரலாற்றைப் பார்ப்போம்.

நம் கண்ணின் முன்புறத்தில் கருவிழியை மூடிக் கண்ணாடிபோல் தெளிவாக அமைந்த படலம் ஒன்று உண்டு. கார்னியா என்பது அதன் பெயர். நடுவில் அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. கண்ணுள் புகும் ஒளியைப் பெரும்பாலும் வளைப்பது இதுவே. கிட்டப்பார்வை உடையவர்க்கு ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடுகின்றது. அப்படலத்தைச் சிறிது தட்டையாக்கினால் ஒளி விழித்திரையிற் சென்று குவியும், கண்ணாடி வேண்டியதில்லை. கணக்கு எளியது.

ஜப்பானில் டோக்கியோ நகரத்து மருத்துவர் ட்சுட்டோமு சாட்டோ, 1930-களின் இறுதியில் தொடங்கி 1950-கள் வரை இம்முயற்சியில் ஈடுபட்டார். படலத்தின் வெளிப்புறத்தில் மட்டுமன்றி உட்புறத்திலும் நுண்ணிய கீறல்களை இட்டார். பார்வை திருந்தியது, கண்ணாடி அணிந்தவர்கள் அதனைக் கழற்றி வைத்தார்கள். உலகத்து மருத்துவ இதழ்களிலும் செய்தி வெளிவந்தது. ஆனால் ஆண்டுகள் பல சென்ற பின்னர், அவர்களுள் பலருடைய கண்கள் மங்கத் தொடங்கின. படலம் வீங்கிக் கொப்புளித்து, ஒளி புகாமற் போயிற்று. காரணம் யாதெனின், படலத்தின் உட்புறத்தே ஒற்றை அடுக்காக அமைந்த உயிரணுக்கள் உள்ளன. படலத்துள் சேரும் நீரை இடைவிடாது இறைத்து வெளியேற்றி, அதனைத் தெளிவாக வைத்திருப்பவை அவையே. மனிதக் கண்ணில் அவை அழிந்தால் மீண்டும் தோன்றா. இவ்வுண்மை அக்காலத்து மருத்துவ உலகிற்குத் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. சாட்டோவின் நோக்கத்தில் குற்றம் இல்லை. பத்தாண்டு காட்டாத விளைவை இருபதாண்டு காட்டிற்று.

பின்னர், 1970-களில் சோவியத் நாட்டு மருத்துவர் ஃபியோடரோவ், உட்புறத்தைத் தொடாமல் வெளிப்புறத்தில் மட்டும் ஆரக்கால்களைப் போல் கீறும் முறையைப் பரப்பினார். 1978-இல் அது அமெரிக்காவை அடைந்தது. இம்முறை அந்நாட்டினர் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பல மருத்துவமனைகளில் ஒரே முறையில் அறுவை செய்து, நோயாளிகளைப் பத்தாண்டுகள் தொடர்ந்து சோதித்துக் குறித்துவர ஏற்பாடு செய்தார்கள். 1994-இல் அதன் முடிவு வெளிவந்தது. ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தூரத்துப் பொருளைக் காணக் கண்ணாடி இன்றி இருந்தனர், இது நன்மை. ஆனால் 43 விழுக்காட்டுக் கண்களில், அறுவை செய்த ஆறு திங்களுக்குப் பிந்திய காலத்தில், பார்வை ஒரு டயாப்டர் அளவோ அதற்கு மேலோ தூரப்பார்வையை நோக்கி நகர்ந்திருந்தது. ஆறாம் திங்களில் நின்ற பார்வை பத்தாம் ஆண்டில் நிற்கவில்லை. நன்மை, தீமை ஆகிய இரண்டையும் மறையாமல் எழுதிவைத்தமையால் மருத்துவர்கள் நெறி திருந்தினார்கள்.

கத்திக்குப் பதில் ஒளியே கருவியாகும் காலம் அதற்குள் வந்துவிட்டது. இதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற இரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றினார். எக்சைமர் லேசர் என்னும் கருவி தரும் புற ஊதாக் கதிர், பிளாஸ்டிக் போன்ற பொருள்களை எவ்வாறு செதுக்குகின்றது என்பது அவர் ஆராய்ச்சி. அவரும், உடன் பணியாற்றிய ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோரும் அக்கதிரை உயிர்ப்பொருளின் மேல் சோதிக்க விரும்பினார்கள். 1981 நவம்பர் 27-ஆம் நாள், முதல் நாள் நன்றியறிதல் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைச் சீனிவாசன் கொண்டுவந்தார். வேறு லேசர் இறைச்சியைக் கருக்கியது. 193 நானோமீட்டர் அலைநீளமுடைய எக்சைமர் கதிரோ சுற்றுப்புறத்தைச் சுடாமல் கூர்மையான விளிம்போடு செதுக்கியது. 1983-இல் ஸ்டீபன் ட்ரோக்கல் என்னும் கண் மருத்துவரோடு சேர்ந்து, கார்னியாவையும் இவ்வாறு செதுக்கலாம் என்று காட்டினார்கள். 1988-இல் அமெரிக்காவில் மார்கரெட் மக்டொனால்ட் என்னும் பெண் மருத்துவர் பார்வையுள்ள மனிதக் கண்ணில் இதனைச் செய்தார். அந்நாட்டு அரசாங்கத்தின் ஒப்புதல் கிடைத்தது 1995-இல். வான்கோழித் துண்டிற்கும் அரசாங்க ஒப்புதலுக்கும் இடையே 14 ஆண்டுகள்! பொறுமையின்றி நாம் வீண் தாமதம் என்று சொல்லக்கூடிய அந்த ஆண்டுகள்தாம் நோயாளியின் கண்ணுக்குக் காவல். பின்னர்ப் பரவிய லேசிக் முறையிலும், சிலருடைய படலம் நாளடைவில் மெலிந்து பிதுங்குவது 1998-இல் எடுத்துக்காட்டப்பட்டது. அதன் பயனாகவே இன்று படலத்தின் கனத்தையும் வடிவத்தையும் அளந்து, தகுதியில்லாதவர்க்கு அறுவை வேண்டாம் என்று மருத்துவர் மறுக்கின்றனர்.

இப்போது உறவு புலப்படுகின்றதன்றோ? கொலராடோ ஆற்றைப் பங்கிட்டவர்களும், கண்ணைக் கீறியவர்களும் பொய் சொன்னவர்கள் அல்லர். அவர்கள் அளந்தது உண்மை. ஆயின் அளந்த காலம் குறுகியது. ஆற்றின் திறத்தில், விடுபட்ட ஆண்டுகளை மரங்கள் எழுதி வைத்திருந்தன. கண்ணின் திறத்தில் அவ்வாறு எழுதிவைக்க மரம் இல்லை. மனிதரே எழுத வேண்டியிருந்தது.

நெடுங்கால ஏட்டிற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. எழுதியவர் கேளாத கேள்விக்கும் அது விடை தரும். டக்ளஸ் வாழ்நாள் முழுவதும் தேடிய சூரியச் சுழற்சியை வளையங்களின் அகலத்தில் ஐயமின்றி நிறுவ அவரால் முடியவில்லை. 1962-இல் அவர் காலமானார். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2012-இல் ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபூசா மியாக்கே என்னும் பெண்மணியும் அவர் குழுவினரும், யாக்குத் தீவுத் தேவதாரு மரத்தின் வளையங்களை ஆராய்ந்தார்கள். கி.பி. 774, 775-ஆம் ஆண்டு வளையங்களில் கார்பன்-14 திடீரென்று உயர்ந்திருந்தது. சூரியன் ஒருமுறை பெருஞ்சீற்றம் கொண்டதன் சுவடு அது என்று அறிஞர் பலர் இன்று கருதுகின்றனர். சூரியன் மரத்தில் எழுதத்தான் செய்தது. டக்ளஸ் பார்த்தது எழுத்தின் அகலத்தை. செய்தி இருந்ததோ மையில்!

நம் நாட்டிலும் இத்துறைக்கு இடம் உண்டு. வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாக விழுவதில்லை. ஆனால் உலர்காலத்தில் இலையுதிர்க்கும் தேக்கு, ஆண்டு வளையத்தை அழகாகக் காட்டும். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத்துத் தேக்கின் வளையங்களிலிருந்து பழைய பருவமழையின் தன்மையை ஆராய்ந்திருக்கின்றனர். மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. பென்சில் கனமுள்ள ஒரு மாதிரியைத் துரப்பணத்தால் எடுத்தாலே போதும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவராவீர்கள், சிலர் பொறியாளராவீர்கள், சிலர் ஆற்று நீரைப் பங்கிடும் பொறுப்பிலும் அமர்வீர்கள். அப்போது ஒரு திட்டம் உங்கள் மேசைக்கு வரும். எண்கள் அழகாக இருக்கும். பயனும் கண்கூடாகத் தெரியும். கையெழுத்திடுமுன், இந்த எண்கள் எத்தனை ஆண்டுகளின் எண்கள் என்று கேளுங்கள். போதாது என்று கண்டால், முந்தைய ஆண்டுகளின் ஏடு எங்கேனும் கிடைக்குமா என்று தேடுங்கள். கிடைக்காவிடில், அவ்வேட்டின் முதல் வரியை அன்றே நீங்கள் எழுதத் தொடங்குங்கள்.